சகலை, கேட்கிறதா?

பெரம்பலூர்,
4.3.2024

அன்புள்ள பிரான்சிஸ் அண்ணனுக்கு,

உங்கள் சகலை பெனடிக்ட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், ஷாலினி, அவளுடைய ஆடுகள், என்னுடைய ஆம்ப்ளிஃபயர்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை பாத்திமா அக்கா போனில் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் அது நீங்கள் சொன்ன மாதிரி ஆகாது.

என்னடா இவன் கடிதமெல்லாம் எழுதுகிறானே என்று பார்க்காதீர்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வருகிறேன் என்றால் யாரும் வர வேண்டாம் என்று அக்காவிடம் எழுதிக் காட்டுகிறீர்களாம். செல்போனில் ஏதாவது அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காணாமல் போகிறீர்கள். ஏலாக்குறிச்சியிலிருந்து வரதராஜன்பேட்டை வரை எத்தனை தேர்பவனி, எத்தனை திருவிழா! நான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன், நீங்கள் மைக் பிடிப்பீர்கள். அப்படி இருந்த மனுஷனை ஒரு கட்டைவிரலோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் குரல்வளையைத்தானே எடுத்தார், கையையுமா எடுத்தார்? எழுதுங்கள்.

இப்போது விஷயம். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டேன். வளைகுடாவில் டிரைலர் ஓட்டிவிட்டு வந்தவர். அவர் வீட்டுப் பரணில் இரண்டு சி.பி. ரேடியோ கிடந்தன. லாரிக்காரர்கள் ரோட்டில் போகும்போது தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. நம் ஊரிலும் லைசென்ஸ் வாங்காமல் வைத்துக்கொள்ளலாம், ஐந்து வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பாட்டு நல்லா போட்டீங்க என்று இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. ஆண்டெனா மட்டும் கிடையாது. நெட்டுக்குத்தாக நிற்கிற ஆண்டெனாவாக நாமே செய்ய வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் மலை கிலை ஒன்றும் குறுக்கே இல்லை. ஒழுங்காகச் செய்தால் போய்ச் சேரும். செய்வோமா?

ஷாலினி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். பதில் எழுதாவிட்டால் நேரே வந்து நிற்பேன்.

உங்கள் பிரியமுள்ள தம்பி,
பெனடிக்ட்


அரியலூர்,
15.3.2024

அன்புள்ள பெனடிக்டுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, கழுத்தில் கட்டிய துணியை பாத்திமா தினமும் மாற்றிவிடுகிறாள். இதற்கு மேல் என்ன நலம் வேண்டும்?

உலகத்திலேயே பேச முடியாதவனுக்கு ரேடியோ தருகிற முதல் ஆள் நீதான். குருடனுக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, சட்டம் நல்லா இருக்கா என்று கேட்பாய் போலிருக்கிறது. உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கோபத்தில் மடித்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் வாசித்தேன். பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், மெடிக்கல் லீவில் ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

ஆகவே ஒரு நிபந்தனை. நான் கேட்பேன். கேட்பது மட்டும்தான். பதில் சொல் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் அனுப்பு.

ஆண்டெனாவுக்குக் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? அலுமினியமா, இரும்பா? எதையும் தெளிவாக எழுதும் பழக்கம் உனக்கு என்றைக்கும் கிடையாது.

ஷாலினிக்கு என் ஆசீர்.

பிரான்சிஸ்


அரியலூர்,
16.3.2024

தம்பி பெனடிக்டுக்கு அக்கா பாத்திமா மேரி எழுதுவது. மாதா துணையில் எல்லாரும் சுகமா இருக்கணும்.

அவர் கடிதத்தை நேத்து நான்தான் தபாலில் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பேனா எடுத்து முழுசா ஒரு பக்கம் எழுதினது இதுதான். அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுறேன்.

அவர் உங்ககிட்ட சொல்லமாட்டார், நான் சொல்றேன். டாக்டர் ஒரு கருவி கொடுத்திருக்கார். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வச்சு அழுத்தி வாயசைச்சா பேச்சு வரும். மிஷின் சத்தம் மாதிரிதான் வரும், ஆனா வார்த்தை புரியும். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை வச்சுப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் குழந்தை அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழுதுட்டுது. அன்னைக்குப் பீரோவில் வச்சுப் பூட்டினவர்தான், என்கிட்டக்கூட அதால பேசினதில்லை. எல்லாம் சிலேட்டில்தான்.

பழகாம விட்டா அப்புறம் வராதுன்னு டாக்டர் சொல்றார். வர்ற வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போறதும் அதை வச்சுத்தான் இருக்கு. அந்த மனுஷர் இப்படியே வாயடைச்சுப் போயிடுவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு தம்பி. நான் எழுதினதைக் காட்டிக்காதீங்க. ரேடியோவைச் சீக்கிரம் அனுப்புங்க.

அக்கா


பெரம்பலூர்,
6.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நிபந்தனை ஒப்புக்கொண்டேன். பதில் கேட்க மாட்டேன். உங்களை நான் பேச வைத்ததே கிடையாது, மைக்கைக் கீழே வைக்கச் சொல்லித்தான் கெஞ்சியிருக்கிறேன்.

ஷாலினி தன் அக்காவைப் பார்க்க வரும்போது ரேடியோ, கேபிள், ஒரு மீட்டர், செட்டிகுளம் சின்ன வெங்காயம் ஒரு பை, நான்கும் கொண்டுவருவாள். வெங்காயம் அக்காவுக்கு.

இப்போது தெளிவாக எழுதுகிறேன், வாத்தியாரே. அலுமினியக் குழாய், எட்டே முக்கால் அடி. அது நேராக வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அடியில் ஒரு பி.வி.சி. துண்டு, குழாய் எதிலும் படாமல் இருப்பதற்கு. அதற்குக் கீழே நாலு பக்கமும் நாலு செம்புக் கம்பி, அதே நீளம், குடை விரித்த மாதிரி சாய்வாக இறங்க வேண்டும். கேபிளின் நடுக் கம்பி குழாய்க்கு, மேலே சுற்றியிருக்கும் வலை அந்த நாலு கம்பிக்கும். மீட்டரில் ஒரு முள் இருக்கிறது. நீங்கள் அனுப்புவதில் எவ்வளவு வானத்தில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டும். அது ஒன்றரைக்குக் கீழே நிற்க வேண்டும். அதற்காகப் பேச வேண்டியதில்லை, பட்டனை அழுத்தினால் போதும்.

நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். எல்லாம் கட்டி முடித்துப் பட்டனை அழுத்தினால் முள் ஒரே பாய்ச்சலாகச் சிவப்பில் போய் முட்டிக்கொண்டது. குழாயை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், அசையவில்லை. கடைசியில் பார்த்தால், கை பழக்கத்தில் மொட்டைமாடி வரைக்கும் ஸ்பீக்கர் ஒயரை இழுத்திருக்கிறேன்! இத்தனை வருஷம் குழாய் கட்டினவன் புத்தி. ரேடியோவுக்கு அந்த ஒயர் ஆகாது, இதற்கென்று இருக்கிற கேபிள்தான் வேண்டும். திருச்சிக்குப் போய் வாங்கி வந்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

குழாயை வெட்டும்போது மெதுவாக. நான் அவசரப்பட்டுக் கூடுதலாக வெட்டிவிட்டு, ஷாலினியின் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி நுனியில் சொருகியிருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. மழை வரும்வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடித்த பிறகு நான் பேசுவேன். நீங்கள் கேளுங்கள்.

பெனடிக்ட்


அரியலூர்,
2.5.2024

அன்புள்ள பெனடிக்டுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் வீட்டில் குடை நலமா?

ஆண்டெனா எழுந்துவிட்டது. அலுமினியக் குழாய்க்கு எங்கும் அலையவில்லை. கூடத்தில் திரைச்சீலை தொங்கிய இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆணி போட்டுவிட்டேன். பாத்திமா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நானும்தான் பேசுவதில்லை என்பதால் அவளுக்கு அது பெரிய ஆயுதமாக இல்லை. எட்டே முக்கால் அடியைப் பள்ளிக்கூட அளவுகோலால் அளந்து, மறுபடி அளந்து, நகத்தளவு நகத்தளவாக அறுத்தேன். முள் ஒன்றரைக்குக் கீழே பூனை மாதிரி படுத்துக்கொண்டது. உன் குடைக்கம்பி வேலையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதை நிறுத்துவதற்கு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் மூங்கில்தான் கிடைத்தது. இந்த வெயிலில் மாடியில் மூங்கில் ஏறுவதைப் பார்த்து, சார் வீட்டில் இந்த வருஷம் பாலன் சீக்கிரம் பிறக்கிறாரா என்று தெருவில் கேட்கிறார்கள். தலையை ஆட்டினேன்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த மூங்கிலைத் தூக்கி நிறுத்திய அன்று மத்தியானம் எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஞாயிறன்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. வெறும் இரைச்சல். அப்பளம் பொரிகிற சத்தம்தான் கடைசி வரை. உன் குடைக்கம்பியைச் சந்தேகிக்கிறேன்.

பிரான்சிஸ்


பெரம்பலூர்,
20.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குப் பசித்தது என்று படித்ததும் ஷாலினியைக் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்றாள். நாங்கள் சுகம்.

குடைக்கம்பியை எடுத்துவிட்டேன். புதுக் குழாய் போட்டு, முள்ளையும் பூனை மாதிரி படுக்க வைத்துவிட்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாருங்கள்.

தேர்பவனிக்கு இந்த வருஷமும் மைக் செட் நான்தான். அறிவிப்புக்கு ஒரு புதுத் தம்பியை ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல பையன், ஆனால் தேர் திரும்புகிற இடத்தில் கூட்டத்தை ஒதுக்கத் தெரியவில்லை. நீங்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவீர்களே, கூட்டம் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே அமைதியாகும். அவன் கத்தினான், கூட்டமும் கத்தியது. கமிட்டியில் ஒருத்தர் என்னிடம் வந்து, உங்ககிட்ட பிரான்சிஸ் சார் குரல் ரெக்கார்டு இருக்குமே, ஒரு ஞாபகத்துக்குப் போடுங்களேன் என்றார். பத்து வருஷ ரெக்கார்டு என் பென்டிரைவில் இருக்கிறது. போட மாட்டேன் என்றேன். ஞாபகத்துக்குப் போடுவதற்கு அவர் என்ன செத்தா போய்விட்டார் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். கோபம் என்றால் திட்டி எழுதுங்கள்.

பெனடிக்ட்


அரியலூர்,
30.6.2024

அன்புள்ள பெனடிக்டுக்கு,

நலம். மழை இரண்டு நாள் பெய்து மாடியில் படிந்த சிமெண்டுத் தூசியைக் கழுவிவிட்டுப் போனது.

கோபம் இல்லை. அந்தப் பென்டிரைவைப் பத்திரமாக வை. அவ்வளவுதான் சொல்வேன்.

ரேடியோவில் இதுவரை உன் குரல் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உட்காருகிறேன். போன வாரம் ஏதோ புரியாத பாஷையில் ஒருத்தன் மணிக்கணக்காகப் பேசினான். கடல் தாண்டி எங்கேயோ இருப்பவன். அவன் பேசுவது என் மேஜைமேல் கேட்கிறது, பக்கத்து ஜில்லாவிலிருக்கும் நீ கேட்கவில்லை. இதை என்னவென்று சொல்வது? முள் சரியாக இருக்கிறது என்கிறாய். அப்படியானால் உயரம் போதவில்லையோ என்னவோ. நீ அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். பேசுவதை மட்டும் நிறுத்தாதே. என்றைக்காவது வரும்.

பாத்திமாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. ஷாலினியை விசாரித்ததாகச் சொல். குட்டியின் கால் எப்படி இருக்கிறது?

பிரான்சிஸ்


பெரம்பலூர்,
5.7.2024

அன்புள்ள பாத்திமா அக்காவுக்கு,

தம்பி பெனடிக்ட் எழுதுவது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து சந்தோஷம். இந்தக் கடிதத்தை அண்ணன் கையில் படாமல் வாசியுங்கள்.

உங்கள் தங்கை ஒரு ஆட்டுக்குட்டியை அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டிருக்கிறாள். அண்ணன் திரும்பப் பேசினால் அந்தக் குட்டியை வைத்து ஊருக்கே அசன விருந்து போடுவதாக. நேர்ச்சையை நிறைவேற்றும்வரை வாயால் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆண்டெனா கவிழாமல் இருக்க நான் கட்டியிருந்த கயிறு தடுக்கி அந்தக் குட்டிக்குக் கால் ஒடிந்துவிட்டது. ஊனமான குட்டி நேர்ச்சைக்கு ஆகாதே என்று ஷாலினி அழுதாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறோம்.

இதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் மட்டும்தான் சொன்னேன். அண்ணனுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லையே, கேட்காத இடத்தில் சொன்னால் சத்தியம் மீறியதாகாது என்று மனப்பாரம் குறைவதற்காகச் சொன்னேன். அண்ணன் எனக்கு எழுதிய கடிதத்தில் கடைசி வரி, குட்டியின் கால் எப்படி இருக்கிறது?

ஷாலினி யாரிடமும் சொல்லவில்லை என்று சாதிக்கிறாள். உங்களிடமாவது சொன்னாளா? உடனே எழுதுங்கள்.

பெனடிக்ட்


அரியலூர்,
14.7.2024

தம்பிக்கு,

சுகம். என் தங்கச்சிக்கு நேர்ச்சை இருக்குன்னு உங்க கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். படிச்சிட்டு அடுப்படியில் உக்காந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடிச்சதும் அவர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்குவார். ஹெட்போன் மாட்டிக்குவார், அதனால் வெளியே எனக்கு ஒண்ணும் கேட்காது. இந்த வாரம் ஜன்னல் இடுக்கு வழியா எட்டிப் பார்த்தேன். சிரிச்சிட்டிருந்தார் தம்பி. சத்தம் வரலை, இப்ப அவருக்குச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்கச் சிரிச்சார். அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கிட்டார்.

நீங்க பேசுறது அவருக்கு நல்லாவே கேக்குது. ஏன் கேக்கலைன்னு எழுதுறார்னு எனக்குத் தெரியலை. பீரோ இன்னும் பூட்டித்தான் இருக்கு.

அக்கா


அரியலூர்,
21.10.2024

பெனடிக்ட்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய், அதுவே எனக்கு இப்போதைக்குப் போதும்.

மூன்று மாதத்துக்கு மேலாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஞாயிறுதோறும் பேசிக்கொண்டுதான் இருந்தாய். நேற்றும் உட்கார்ந்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது.

"அண்ணே, உசரம் போதலைன்னு நீங்கதான சொன்னீங்க, இன்னைக்கு அதைத் தீர்த்துப்புடறேன். செட்டை மாடிக்கே தூக்கிட்டு வந்துட்டேன். தண்ணி டேங்குக்கு மேல ஏறி இருபதடி இரும்புக் குழாயை நிறுத்தப் போறேன். தூறல் விழுந்து வழுக்குது. பக்கத்துல கரண்டு கம்பி போவுது, பார்த்துக்கறேன். ஷாலினி கோயிலுக்குப் போயிட்டா, இருந்தா விடமாட்டா. போனைக் கீழ வச்சிட்டேன். மைக்கைத் தரையில வச்சிட்டு ஏறுறேன்."

இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாய். செல்போனில் வேண்டாம் வேண்டாம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் போய்ச் சேரவில்லை. பாத்திமா ஜெபமாலைக்குப் போயிருந்தாள். வாசலுக்கு ஓடி யாரையாவது கூப்பிடலாம் என்றால் எந்தக் குரலால் கூப்பிடுவேன்? ஈர இரும்பைத் தூக்கிக்கொண்டு நீ கரண்டு கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. உயரம் போதவில்லை என்று எழுதியது நான். வெறும் பொய். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ பேசிய ஒவ்வொரு சொல்லும் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி எனக்குக் கேட்டது.

பீரோவைத் திறந்தேன். டாக்டர் கொடுத்த பேச்சுக் கருவியைக் கழுத்தில் வைத்தேன். அது நழுவியது, மறுபடி வைத்தேன். மைக்கை அழுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை. "எறங்குடா" என்றேன். "பெனடிக்ட், எறங்குடா, கேக்குதுடா எனக்கு, எல்லாம் கேக்குது."

அந்த மிஷின் சத்தம் என் காதிலேயே விழுந்தது. பட்டனை விட்டேன். கொஞ்ச நேரம் அப்பளம் பொரிந்தது. பிறகு நீ பேசினாய். "எறங்கிட்டேன் அண்ணே" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு இருவரும் என்ன பேசினோம் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. பாத்திமா வந்து கதவருகில் ஜெபமாலையோடு நின்றதும், நான் அவளைப் பார்த்து அந்தக் கருவியாலேயே "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றதும், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்று எழுதினேன் என்று நீ கேட்பாய். கேட்கிறது என்று எழுதியிருந்தால், நிபந்தனை இருந்தாலும் நீ பதிலுக்குக் காத்திருப்பாய். நான் பேச மாட்டேன். ஒரு மாதம் பார்ப்பாய், இரண்டு மாதம் பார்ப்பாய், பிறகு நீயும் ஓய்ந்துவிடுவாய். கேட்கவில்லை என்று சொன்னால் விடாமல் பேசிக்கொண்டிருப்பாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். உன் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது பெனடிக்ட். வாரம் முழுக்க அதற்காகத்தான் இருந்தேன்.

இனி ஒரு தடவை அந்த டேங்கில் ஏறினால் உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்.

பிரான்சிஸ்


பெரம்பலூர்,
26.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷாலினியும் நானும் சுகம். குட்டியும் சுகம், கட்டைப் பிரித்துவிட்டோம், நொண்டாமல் ஓடுகிறது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தோம். இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நான் ஏறவில்லை. அன்று சாயங்காலம் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் டீ கிளாஸ். இருபதடிக் குழாய் என்று ஒன்று என் வீட்டில் கிடையவே கிடையாது. கரண்டு கம்பி தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறது. ஷாலினி கோயிலுக்குப் போகவில்லை, என் பக்கத்தில்தான் நின்றாள், இரண்டு போனையும் அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு. குட்டியின் காலைப் பற்றி நீங்கள் விசாரித்த அன்றைக்கே உங்களுக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களை நிபந்தனை போட்டுப் பேச வைக்க முடியாது, கெஞ்சியும் முடியாது. யாராவது ஆபத்தில் இருந்தால் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள். தேர் வடம் அறுந்த வருஷம் கூட்டத்தை நீங்கள் ஒதுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நடிப்பு "ஏறுறேன்" என்று சொல்லி மைக்கை வைத்ததோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ரேடியோ சும்மா இருந்த நேரம் என்னால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷர் பேசாவிட்டால் இனிமேல் பேசவே மாட்டார் என்று தோன்றியது. டீ ஆறிப்போனது. அப்போது வந்தது உங்கள் குரல். மிஷின் சத்தம் என்கிறீர்கள். அண்ணே, இத்தனை வருஷம் எத்தனையோ மைக்கில் எத்தனையோ குரல் கேட்டிருக்கிறேன். வார்த்தையை நிறுத்தி, கடைசி எழுத்தை அழுத்துகிறவர் இந்த ஜில்லாவில் ஒருத்தர்தான். அது நீங்கள்தான், அப்படியே நீங்கள்தான். "எறங்கிட்டேன்" என்று சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், அது நடிப்பில்லை.

மன்னித்துவிடுங்கள். மன்னிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் செட்டைப் போடுங்கள்.

உங்கள் தம்பி,
பெனடிக்ட்


அரியலூர்,
4.11.2024

அடே அயோக்கியா,

நலம், நலம், நலம். உன்னை ரேடியோவில் திட்டியது போதவில்லை என்பதால் எழுத்திலும் ஒரு தடவை திட்டி வைக்கிறேன், ஆதாரம் இருக்கட்டும். பாத்திமாவும் உன் கூட்டு என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு ஆளில்லை.

காலையில் தினமும் கண்ணாடி முன் நின்று கருவியோடு பழகுகிறேன். "ழ" இன்னும் சண்டித்தனம் செய்கிறது. நேற்றுக் காய்கறி வண்டிக்காரரிடம் தக்காளி விலை கேட்டேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு விலையைச் சொன்னார். கூடச் சொன்னார், பேரம் பேசினேன்.

நேர்ச்சை தீர வேண்டும். அந்தோணியாரைக் காக்க வைக்கக் கூடாது. இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை அசனம் வைத்துக்கொள்வோம், பங்குச் சாமியாரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். நானே என்பதைக் கவனி. குட்டியை ஷாலினி ஓட்டி வரட்டும். அரிசி, மற்றச் சாமான்கள் எங்கள் பொறுப்பு.

ஊரே சாப்பிட வரும். பந்தி பந்தியாக ஆட்களைக் கூப்பிட வேண்டும், கூட்டத்தை ஒதுக்க வேண்டும். நீ உன் குழாயையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடு. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒயரையே போடு. அந்தப் புதுத் தம்பியைக் கூட்டி வர வேண்டாம்.

மைக் நான் பிடிக்கிறேன்.

பிரான்சிஸ்